மின்தூக்கி வரை போய்த் திரும்பி வந்தேன்

வாசகர் கடிதம்

எனக்கு வயது 44. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். துவாஸில் பராமரிப்பு மேற்பார்வையாளர் வேலை. இருபது வருடமாகக் குடிப்பழக்கம் உண்டு. கடைசி நான்கு வருடமாகத் தினமும் குடிக்கிறேன். ராத்திரி பத்தரைக்குள் கீழே கடையில் வாங்கி வைத்துவிட்டால்தான் மனசு அடங்கும். வருடா வருடம் தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து காவடி எடுப்பேன். அந்த 48 நாளும் தொடமாட்டேன். அதனால் நினைத்தால் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இந்த வருடம் விரதம் தொடங்கிய இரண்டாம் நாளே கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் குடித்துவிட்டேன். காவடி எடுக்கவில்லை. அதிலிருந்து மனைவி சரியாகப் பேசுவதில்லை.

போன மாதம் நானே இணையத்தில் தேடி, குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏஏ கூட்டம் ஒன்றுக்குப் போனேன். தேவாலயக் கட்டடம், மூன்றாவது மாடி. மின்தூக்கி வரை போய் நின்றேன். கதவு இரண்டு தரம் திறந்து மூடியது. காலை உள்ளே வைக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியிலேயே குடித்தேன்.

தமிழில் கூட்டம் எங்கே நடக்கிறது? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? நான் முருகனைக் கும்பிடுகிறவன், தேவாலயத்தில் அவர்கள் ஜெபத்தில் உட்கார வேண்டுமா? வேலைக்குப் பாதிப்பு வருமா? வெறும் பேச்சைக் கேட்டுக் குடி போகுமா? இன்னொன்று. காலையிலும், சாயங்காலம் குடிக்கும் முன்பும் கை நடுங்குகிறது. கூட்டத்தில் காப்பி கொடுப்பார்களாம். நாலு பேர் முன்னால் கோப்பையைப் பிடிக்க வெட்கமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம், ஈசூன்

ஆலோசகர் பதில்

தம்பி,

வயதில் உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் மூத்தவள், அதனால் அப்படிக் கூப்பிடுகிறேன். குடிநோயாளிகளோடும் அவர்கள் குடும்பங்களோடும் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். நீங்கள் ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேள்வியாகக்கூட இல்லாமல் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கை நடுக்கம், அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மது நரம்பை அமுக்கி வைக்கும் பொருள். வருடக்கணக்கில் தினமும் உள்ளே போனால், அதற்கு ஈடுகொடுக்க மூளை எந்நேரமும் முறுக்கேறிய நிலையிலேயே இயங்கப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் அமுக்கி வைத்தது விலகிப் போகும், முறுக்கு மட்டும் அப்படியே நிற்கும். கடைசியாகக் குடித்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணில் பட்டு, காய்ச்சலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். விரதத்தின் இரண்டாம் நாள் உங்களுக்கு வந்தது இதன் தொடக்கம்தான். முருகன் கைவிட்டதாக நினைத்திருப்பீர்கள். உங்கள் பக்தி குறைந்ததாக மனைவி நினைத்திருப்பார். இரண்டும் இல்லை. உடம்பு மாறிவிட்டது. போன வருடம் 48 நாள் தாங்கிய உடம்பு, இப்போது மருத்துவர் துணை இல்லாமல் இரண்டு நாள்கூடத் தாங்காத இடத்துக்கு வந்திருக்கிறது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவரிடம், "அண்ணே, இன்னிக்கே நிறுத்திடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். கை நடுங்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் மத்தியானம் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்து, நெற்றியில் ஏழு தையல். பிழைத்துக்கொண்டார். அவர் என்னை மன்னித்தும் விட்டார். அன்றிலிருந்து யார் வந்து உட்கார்ந்தாலும், பேச்சு தொடங்கும் முன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டச் சொல்கிறேன்.

அதனால் இந்தப் பதிலைப் படித்த வேகத்தில் இன்று இரவே தனியாக நிறுத்திவிட வேண்டாம். இன்னும் குடிக்கலாம் என்று நான் அனுமதி கொடுப்பதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளையோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். ஈசூன் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம். இல்லையென்றால் மனநலக் கழகத்தில் உள்ள நாம்ஸ் என்ற அடிமைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவின் உதவி எண் 6732 6837, அதற்கு அழையுங்கள். "தினமும் குடிக்கிறேன், நிறுத்தினால் இரண்டாம் நாள் கை நடுங்கி வியர்க்கிறது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள், மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். சில நாளைக்கு நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரையை மெதுவாகக் குறைத்துக்கொண்டே கொடுப்பார்கள், கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமினும் இருக்கும். சிலரை மருத்துவமனையில் தங்க வைப்பார்கள், சிலரை வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்வார்கள். அதன் பிறகு குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. இடையில் எப்போதாவது வலிப்போ குழப்பமோ வந்தால் மனைவி ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். இதை இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.

புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்துக்கு உட்பிரிட்ஜ் என்பது பழைய பெயர். அந்தக் கழகம் என்றதும், "உட்பிரிட்ஜுக்கா போறே?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து வராமல் இருந்தவர்களில் இரண்டு பேரின் சாவுக்கு நான் போயிருக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன், இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். போதைப்பொருள் விஷயத்தில்தான் மருத்துவர்கள் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. மதுவுக்கு அது கிடையாது. நீங்களாகவே சிகிச்சைக்குப் போனால் முதலாளிக்குக் கடிதம் எதுவும் போகாது. விடுப்புச் சீட்டைப் பற்றிக் கவலையாக இருந்தால் மருத்துவரிடமே முன்கூட்டிச் சொல்லுங்கள். துவாஸில் நீங்கள் இயந்திரங்களுக்கு நடுவே நிற்கிறவர். கை நடுங்க நடுங்க அங்கே நிற்பதுதான் வேலைக்கு வரப்போகும் பெரிய பாதிப்பு.

இனி அந்த மின்தூக்கிக்கு வருவோம்.

உங்களைப் போலவே வாசலில் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1935ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் ஒரு ஹோட்டல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. போன காரியம் கெட்டுவிட்டது, கையில் காசும் இல்லை. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடத்துச் சிரிப்புச் சத்தம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். ஊரில் இருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து வரிசையாக அழைத்து, தன்னைப் போல் குடியால் தவிக்கிற ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அறுவை சிகிச்சை மருத்துவர், அவருக்கும் உங்களைப் போலக் கை நடுக்கம். கால் மணி நேரம்தான் தருவேன் என்று வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார். அதன் பிறகும் அவர் ஒரு முறை தவறிக் குடித்தார். ஜூன் 10ஆம் தேதி அறுவை சிகிச்சைக்குப் போகும் முன், கை நிற்பதற்காக பில்லே அவருக்கு ஒரு பியர் கொடுத்தார். அதுதான் டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது. அந்த நாளைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ, தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அடுத்த மாதம் இங்கே சிங்கப்பூரில் தமிழ் முரசு தொடங்கியது. ஏஏ ஏதோ நேற்று முளைத்த வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைப்பவர்களிடம், நம் முரசின் வயதுதான் அதற்கும் என்று நான் சொல்வதுண்டு.

பில் அன்றைக்குத் தேடியது அறிவுரை சொல்லும் ஆளை இல்லை. தன் நிலைமை தெரிந்த இன்னொரு ஆளை. "வெறும் பேச்சைக் கேட்டுக் குடி போகுமா?" என்ற உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. உங்களிடம் இதுவரை பேசியவர்கள் எல்லாரும் குடிக்காதவர்கள்: மனைவி, அம்மா, மேலாளர், நான். உங்களோடு சேர்ந்து குடித்தவர்கள் வேறு மாதிரி பேசியிருப்பார்கள். குடித்து, அதே நடுக்கத்தோடு விழித்து, பிறகு குடிக்காமல் பத்து வருடம் இருக்கிற ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதே இல்லை. ஆய்வாகவும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 10,565 பேர் பங்கெடுத்த 27 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020ல் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏஏவும், அதில் சேர்ந்து நீடிக்க வைக்கும் சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருப்பதாகத் தெரிந்தது. மருத்துவர் உடம்பைச் சரிசெய்வார். ஆனால் அந்தப் பத்தரை மணியை ஒவ்வொரு ராத்திரியும் தாண்ட ஆள் துணை வேண்டும்.

மூன்றாவது மாடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்கிறேன். வெளியாட்களையும் அனுமதிக்கிற திறந்த கூட்டங்களுக்கு நான் பல முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சாதாரண அறை. பத்து இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் ஒரு மேசை, அதில் சுடுதண்ணீர், காப்பித்தூள், பிஸ்கட். வாசலில் பதிவேடு கிடையாது. இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் அடையாள அட்டை எண் கேட்பார்கள், சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம் கேட்பார்கள். அங்கே ஒன்றும் கேட்க மாட்டார்கள். உங்கள் பெயரில் முதல் பாதியைச் சொன்னால் போதும், அதுவும் உங்கள் விருப்பம். ஒருவர் எழுந்து ஒரு பக்க அறிமுகத்தைப் படிப்பார். பிறகு ஒவ்வொருவராகத் தன் கதையைச் சில நிமிடம் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். புத்தி சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது, "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் "சரி" என்று அடுத்தவரிடம் போய்விடுவார்கள். "நான் ஒரு குடிநோயாளி" என்று முதல் நாளே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பையோ டப்பாவோ கைமாறி வரும், உறுப்பினர்கள் வாடகைக்கும் காப்பிக்கும் இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி போடுவார்கள். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சேர்வதற்கு ஒரே ஒரு தகுதிதான் வைத்திருக்கிறார்கள்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. துவாஸிலிருந்து ஈசூனுக்குப் போகிற களைப்பை மீறி ஒரு சாயங்காலம் அந்தக் கட்டடத்தைத் தேடிக்கொண்டு போனீர்களே, அந்தத் தகுதி உங்களுக்கு அப்போதே வந்துவிட்டது.

நடுவில் ஒரு வார்த்தை. நாம் வீட்டில் குடிகாரன் என்கிறோம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு 1980ல் மறுவாழ்வுக்கென்று ஓர் அமைப்பு தொடங்கினார். அதன் டிடிகே மருத்துவமனை என்றால் அங்கே தெரியாதவர்கள் குறைவு. அந்த மாதிரி இடங்களில் குடிநோய், குடிநோயாளி என்றுதான் சொல்வார்கள். உங்கள் மனைவியிடம் பேசும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பாருங்கள். செய்த தவறுகளுக்கு நீங்கள்தான் பொறுப்பு, அது அப்படியே இருக்கிறது. ஆனால் நோய் என்று சொல்லும்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பேச முடிகிறது.

தேவாலயம் பற்றி. குறைந்த வாடகைக்கு அறை கொடுக்கிற இடங்களில் கூடுகிறார்கள், அவ்வளவுதான். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், ஆனால் அவரவர் எப்படி உணர்கிறோமோ அப்படிப்பட்ட கடவுள் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டம் முடியும்போது அமைதியும் துணிவும் அறிவும் கேட்டு ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்வார்கள். நீங்கள் சும்மா நிற்கலாம். மனசுக்குள் "முருகா" என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து அப்படித்தான் ஒருவர் பல வருடமாகச் சொல்கிறார்.

விரதத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆண்களில் பலர் உங்களைப் போலத்தான் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். 48 நாள் தொடாமல் இருந்தேனே, நான் எப்படி அடிமையாக முடியும் என்ற கணக்கு. விரதத்துக்கு முடிகிற தேதி இருக்கிறது. சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியைச் சுமந்து இறக்கி வைத்ததும், மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்த அந்த முதல் கிளாஸ் ஞாபகத்துக்கு வந்துவிடும். எனக்கு எத்தனையோ பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். குடிநோயிலிருந்து மீள்வதற்கு அப்படி ஒரு கடைசித் தேதி இல்லை. "வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன்" என்று நினைத்தால் யாருக்கும் மூச்சு முட்டும். அதனால்தான் ஏஏவில் இன்று ஒரு நாள் மட்டும் என்கிறார்கள். விரதம் இருக்கத் தெரிந்த உங்களுக்கு இது புதிதில்லை. ஒரு நாள் விரதம், மறுநாள் காலையில் மறுபடியும் ஒரு நாள் விரதம். இந்தத் தடவை தனியாக இருக்க வேண்டாம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? சின்ன ஊர், பார்க்கத்தான் செய்வார்கள். நான் அனுப்பிய ஒருவருக்கு நடந்ததை, அவர் சம்மதத்தோடு, அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். முதல் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே மகனுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்த வாத்தியார். எழுந்து ஓடிவிடலாம் என்று பையை எடுத்திருக்கிறார். வாத்தியார் எழுந்து வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாக, "நானும் இதுக்குத்தான் வந்திருக்கேன். உட்காருங்க" என்றாராம். வேறொன்றும் பேசவில்லை. இப்போது இரண்டு பேரும் ஒரே ரயிலில் போய் வருகிறார்கள். அந்த அறையில் உங்களைப் பார்க்கிறவர், அவரையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதை மறக்க மாட்டார். அங்கே கேட்டதும் பார்த்ததும் அங்கேயே நிற்க வேண்டும் என்பது அவர்கள் உயிரைப் போலக் காக்கிற வழக்கம். உண்மையில் உங்களைத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், கீழே கடை வாசலில்.

தமிழில் கூட்டம். சிங்கப்பூரில் நேரில் நடக்கும் ஏஏ கூட்டங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. அதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். மேற்பார்வையாளராக நீங்கள் நாள் முழுக்கப் பேசுகிற ஆங்கிலம் போதும். யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. பேச்சு நடுவே அழுகை வந்து, தன் தாய்மொழியிலேயே சொல்லி முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வார்த்தை புரியாமலே அறை முழுக்க அமைதியாகக் கேட்டது. ஏஏ சிங்கப்பூரின் உதவி எண்ணை அழைக்கும்போது, தமிழ் பேசும் உறுப்பினர் ஒருவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். அது தவிர, தமிழ்நாட்டில் தமிழ்க் கூட்டங்கள் நிறைய. ஸூம் வழியாக நடப்பவையும் உண்டு. சென்னையில் இரவு ஏழு மணி என்றால் இங்கே ஒன்பதரை, எட்டு மணி என்றால் பத்தரை. நீங்கள் கடைக்கு இறங்குகிற நேரம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு உட்கார அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் ஸூம் மட்டும் போதும் என்று நின்றுவிடாதீர்கள். திரையை அணைத்துவிட்டுப் போவது மின்தூக்கியிலிருந்து திரும்புவதைவிடச் சுலபம்.

எந்தக் கூட்டத்துக்குப் போவது என்று நீண்ட நேரம் ஆராய வேண்டாம். ஏஏ சிங்கப்பூர் என்று தேடினால் நாள்வாரியாக அட்டவணை கிடைக்கும். வேலை முடிந்து போகக்கூடிய நேரத்தில், வீட்டுக்குப் போகிற வழியில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அட்டவணையில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை இருக்கும். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும், அதனால் நீங்கள் இரண்டுக்கும் போகலாம், மனைவி வருவதென்றால் திறந்த கூட்டம். முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முகம் உண்டு. ஆறு கூட்டமாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஒரே இடத்தில் ஆறு வேண்டாம், இரண்டு மூன்று இடங்களில். ஏஏ ஒத்துவரவில்லை என்றாலும் கதை முடிந்துவிடாது. ஜாலான் ஊபியில் உள்ள வீ கேர் சமூக சேவை அமைப்பில் அடிமைப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு ஆலோசனையும் குழுக்களும் உண்டு. பீட்டி ரோட்டில் இந்தியர்களுக்கான உதவி அமைப்பான சிண்டா இருக்கிறது. தமிழில் பேசி, குடும்பத்தின் மற்றப் பிரச்சினைகளையும் சேர்த்துப் பார்க்க அங்கே ஆள் உண்டு.

ஒன்றை மட்டும் இந்தத் தடவை மாற்றிச் செய்யுங்கள். உதவி எண்ணை அழைத்து, "நான் ஒரு முறை வந்து கீழேயிருந்தே திரும்பிவிட்டேன். யாராவது எம்ஆர்டி வாசலில் என்னைச் சந்தித்து மேலே அழைத்துப் போக முடியுமா?" என்று கேளுங்கள். தயக்கமே வேண்டாம். அவர்கள் இதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள். புதியவர் ஒருவருக்காகப் படியிறங்கி வருவது தங்கள் சொந்தத் தெளிவைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி என்றே நம்புகிறார்கள். பில் அன்று தொலைபேசியை எடுத்ததும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். போன மாதம் நீங்கள் தனியாக நின்றீர்கள், அதுதான் முடியாமல் போனதற்குக் காரணம். பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தால் அந்தக் கதவு இரண்டாவது தரம் திறந்தபோது உள்ளே போயிருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் நில்லுங்கள். இரண்டு பேருடைய கைப்பேசி எண் வாங்கிக்கொள்ளுங்கள், பத்தரை மணிக்கு முன் அழைப்பதற்கு.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை. அவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். அம்மா, உங்கள் கோபம் நியாயம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 1951லிருந்து அல்-அனான் என்ற அமைப்பு நடக்கிறது. கணவர் போகிறாரோ இல்லையோ நீங்கள் போகலாம். நாம்ஸில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி மறந்துவிடும் என்று ஊரிலிருந்து யாராவது பொடியோ மாத்திரையோ அனுப்பினால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கும். அது உள்ளே இருக்கும்போது மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்து, குடிப்பவர் தெரிந்தே சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. பேச வேண்டியதை ராத்திரி பேசாதீர்கள். விடியற்காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது, பிள்ளைகள் எழும் முன் பேசுங்கள்.

தம்பி, மருத்துவச் சிகிச்சைக்குப் பிறகும் ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டால் அடுத்த நாளே கூட்டத்துக்குப் போங்கள். மூன்று வாரம் வெட்கத்தில் ஒளிந்திருந்துவிட்டுப் போக வேண்டாம். அங்கே இருப்பவர்களில் பலர் அப்படித் தவறித் திரும்பி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். மனசு மிகவும் இருண்டுபோய், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் எந்த நேரமும் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழைக்கலாம்.

அந்தக் காப்பிக் கோப்பை. பழைய கூட்டங்களில் காப்பி ஊற்றுகிற பொறுப்பைத் தெளிந்து சில மாதமான ஒருவரிடம் கொடுத்திருப்பார்கள். அவர் உங்கள் கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். கோப்பையைப் பாதிதான் நிரப்பித் தருவார். நிரம்பிய கோப்பை சிந்தும் என்று அவருக்குத் தெரியும், அவருக்கும் ஒரு நாள் யாரோ பாதிதான் ஊற்றிக் கொடுத்தார்கள். யாரும் அப்படிச் செய்யவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: "பாதி போதும், அண்ணே."